உடனிருத்தலே கிறிஸ்து பிறப்பின் செய்தி

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், மருத்துவமனைப் படுக்கைப் பிரிவுகளில் ஒரு வேண்டுகோள் தவறாமல் எழும்: “பண்டிகைக்கு இரண்டு நாளாவது வீட்டிற்கு அனுப்பிவையுங்கள், டாக்டர்.” உடல்நிலை இடங்கொடுத்தால் மகிழ்வோடு அனுப்புகிறோம். இடங்கொடாதபோது, “இந்த ஆண்டு எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை” என்று குடும்பத்தினர் மனம் சோர்கின்றனர். அவ்வருத்தம் இயல்பானதே. ஆயினும் அம்முடிவு சரியன்று என்பது என் கருத்து. கிறிஸ்தவ நம்பிக்கையாளர்களுக்கு இவ்விழா உணர்த்தும் பொருளை ஆழ்ந்து நோக்கினால், அது நோய்ப்படுக்கைக்கு மிக அண்மையில் இருப்பது புலனாகும்.

நான்கு நற்செய்தி நூல்களுள் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே இயேசுவின் பிறப்பை விவரிக்கின்றன. இரண்டிலும் பிறந்த நாள் சொல்லப்படவில்லை. டிசம்பர் 25 என்னும் நாள் 354 ஆம் ஆண்டில் உரோமையில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி ஏட்டில் காணப்படுகிறது. நாளைக் கூறாத அந்நூல்கள் சூழலைத் தெளிவாகக் கூறுகின்றன. குடிமதிப்பின் பொருட்டுப் பயணம் மேற்கொண்ட மரியாளும் யோசேப்பும் பெத்லகேமில் தங்க இடமின்றித் தவித்தனர். பிறந்த குழந்தை தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்டது. பின்னர் ஏரோது மன்னனுக்கு அஞ்சி அக்குடும்பம் எகிப்துக்கு ஓட நேர்ந்தது. முதல் கிறிஸ்து பிறப்பில் புத்தாடையும் இல்லை, விருந்தும் இல்லை. சொந்த வீட்டை விட்டு, அயலிடத்தில், நாளை என்னாகுமோ என்ற கவலையோடு ஒரு குடும்பம் இருந்தது. நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் இரவெல்லாம் கண்விழித்து மந்தையைக் காத்த இடையர்கள். நோயாளியின் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து இரவைக் கழிக்கும் உடனிருப்போர்க்கு இது அந்நியமான கதையன்று.

இந்நிகழ்வைக் கிறிஸ்தவ இறையியல் ‘மனுவுருவாதல்’ என்கிறது. கடவுள் தொலைவிலிருந்து இரங்குபவராக நின்றுவிடாமல், பசியும் களைப்பும் வலியும் மரணமும் அறியும் உடலை ஏற்றார் என்பதே அதன் பொருள். அக்குழந்தைக்குரிய ‘இம்மானுவேல்’ என்னும் எபிரேயப் பெயரும் ‘கடவுள் நம்மோடு’ என்றே பொருள்படும். நலமுள்ளோர்க்கு இது வணக்கத்திற்குரிய ஒரு கோட்பாடு. உடலே சுமையாகிவிட்ட ஒருவர்க்கோ இது நேரடியான ஆறுதல்.

கிறிஸ்துமஸ் குடில் அமைக்கும் வழக்கம் பரவ வித்திட்டவர் அசிசியின் புனித பிரான்சிஸ். 1223 ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு அவர் பெத்லகேம் காட்சியை அமைத்தார். அவர் எகிப்திலிருந்து திரும்பிய காலந்தொட்டே கண்நோயால் துன்புற்றுவந்தவர். 1226 இல் மறைந்தார். இன்று இல்லந்தோறும் நாம் காணும் குடிலின் பின்னணியில் ஒரு நோயாளியின் பக்தி இருக்கிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்து பிறப்பு அளிக்கும் வாக்குறுதி உடனிருத்தல் பற்றியது. ஒவ்வொரு நோயும் நீங்கிவிடும் என்னும் உறுதிமொழி அன்று. ஞானிகள் கொணர்ந்த காணிக்கைகளுள் வெள்ளைப்போளமும் ஒன்று. அது அடக்கத்தின்போது உடலுக்குப் பூசப்படும் பொருளாதலால், திருச்சபை மரபு அதில் இயேசுவின் இறப்பின் முன்னறிவிப்பைக் காண்கிறது. தொட்டிலருகிலேயே துன்பத்தின் நிழலை மறைக்காது வைத்த சமயம் அது. ஆகவே, நலம் விசாரிக்க வருவோர், “உங்கள் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை” என்று நோயாளியிடம் கூறுவது மருத்துவ நோக்கில் தவறு, கிறிஸ்து பிறப்பின் பொருளுக்கும் முரணானது. நோயின் சுமையோடு குற்றவுணர்வையும் ஏற்றிவைப்பது எவ்வாறு நற்செய்தியாகும்?

இப்பொருளை உணர்ந்தோர் செய்யக்கூடியவை சில உண்டு. விழாவை முன்னிட்டு டயாலிசிஸ் நாளைத் தவறவிட வேண்டாம். உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கினால் மூச்சுத்திணறலும் இதயத்துடிப்புக் கோளாறும் நேரக்கூடும். உலர்பழம் நிறைந்த கேக், நீரிழிவும் சிறுநீரக நோயும் உடையோர்க்கு ஏற்றதா என்று முன்கூட்டியே கேளுங்கள். நற்கருணை பெற விரும்புவோர், விழுங்குவதில் இடர்ப்பாடு இருந்தாலோ, அறுவை சிகிச்சைக்காக உணவு நிறுத்தப்பட்டிருந்தாலோ, செவிலியரிடம் தெரிவியுங்கள். கீதங்களை மெல்லிய குரலில் பாடுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர்க்கும் உறக்கம் தேவை.

எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளியை வலிந்து மகிழ்விக்க முயல வேண்டாம். அவர் அழ விரும்பினால் அழட்டும். மௌனத்தை விரும்பினால் நீங்களும் மௌனமாயிருங்கள். எம் மருந்துகள் செய்ய முடிந்ததைச் செய்யும். அதற்கப்பால், பயந்திருக்கும் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு விடியும்வரை அருகில் இருக்கும் பணியை எந்த மருந்தும் செய்வதில்லை. அதனை இரவுதோறும் செய்துவரும் நீங்கள், நட்சத்திர விளக்கும் குடிலும் இல்லாமலேயே கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள்.