உடலுக்கு ஏற்ற பலகையா, பலகைக்கு ஏற்ற உடலா?



குளிர்காலம் வந்துவிட்டால் நம் பிள்ளைகள் பலர் கொலிங்வுட் பக்கமுள்ள புளூ மவுண்டனுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நம் பெற்றோரில் பலர் பனியைக் கண்டதே கனடாவில் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான். அதனால் ஸ்னோபோர்ட் வாங்கும்போது நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. அண்ணா பாவித்த பலகை தம்பிக்கு வரும்; அல்லது "வளருகிற பிள்ளைதானே" என்று ஓர் அளவு பெரியதாக வாங்குவோம். பாடசாலைச் சட்டைக்கு அது பொருந்தலாம். சறுக்கும் பலகைக்குப் பொருந்தாது.

பலகையை நிமிர்த்தி வைத்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வரவேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது தொடங்குவதற்கு உதவும், முடிவெடுக்கப் போதாது. பலகையை வளைப்பது நம் உயரமல்ல, நம் நிறை. 165 செ.மீ. உயரமான இரண்டு பெண்களில் ஒருவர் 50 கிலோ, மற்றவர் 75 கிலோ என்றால், இருவருக்கும் ஒரே பலகை சரிவராது. முதலாமவருக்கு 143 செ.மீ. அளவிலும் மற்றவருக்கு 152 செ.மீ. அளவிலும் தேடலாம். நிறை குறைந்தவர் நீளமான, இறுக்கமான பலகையில் ஏறினால் அதை வளைக்க முடியாது. திருப்பவும் நிறுத்தவும் சிரமப்படுவார். நிறை கூடியவர் சிறிய பலகையில் வேகமெடுத்தால் அது ஆடும். ஒவ்வொரு பலகைக்கும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை என்ற அட்டவணையைத் தயாரிப்பாளரே தருகிறார். வாங்குமுன் அதைப் பாருங்கள்.

நம்மிடையே சிக்கல் தொடங்குவது இங்கேதான். வாடகைக் கடையில் நிறையைக் கேட்டால் நம் பிள்ளைகள் சிலர் ஐந்து, பத்துக் கிலோ குறைத்துச் சொல்கிறார்கள். காரணம் நமக்குத் தெரியாததல்ல. ஆராதனை முடிந்து தேநீரும் ரோல்ஸும் கையில் வந்தவுடன், "என்ன பிள்ளை, நல்லா வைச்சிட்டாய்" என்றோ, "சாப்பாடு போடுறதில்லையோ?" என்றோ சொல்லிவிடுகிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிற பிள்ளை தன் நிறையை மறைக்கப் பழகிவிடுகிறது. தாதியரான நாங்கள் பிள்ளைகளுக்குப் பரசிற்றமோல் கொடுக்கும்போதும் நிறையைத்தான் கேட்கிறோம். அந்த எண் மருந்தின் அளவுக்காக. யாரையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. கடையிலும் அப்படியே. இளையோரே, உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். பெரியோரே, அதை அவர்கள் கூச்சமின்றிச் சொல்ல இடம் கொடுப்போம்.

அடுத்தது பாதம். பூட்ஸின் முனையும் குதியும் பலகையின் விளிம்பைத் தாண்டி ஓரிரண்டு செ.மீ. நீட்டினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால், சாயும்போது பூட்ஸ் பனியில் உரசி ஆளை விழுத்திவிடும். பெரிய பாதமுள்ளவர்கள் அகலப் பலகை கேட்டு வாங்க வேண்டும். பூட்ஸுக்குள் குதி மேலெழக் கூடாது; ஒரு சோடி காலுறை போதும்.

பிறகு, எங்கே, எப்படிச் சறுக்கப்போகிறீர்கள்? காணொளிகளில் வரும் ஆழமான தூள்பனி பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குரியது. ஒன்ராறியோவில் நம் கால் படுவது பெரும்பாலும் இயந்திரம் தூவி அழுத்திய, சில வேளை கண்ணாடிபோல் இறுகிய பனி. தூள்பனிக்கென்று செய்த பலகைக்கு இங்கே காசு கொட்டத் தேவையில்லை. தொடங்குபவருக்கு இலகுவாக வளையும் பலகை நல்லது. இறுக்கத்தைக் குறிக்கும் பத்துப் புள்ளி அளவில் இரண்டு முதல் நான்கு வரை போதும். நுனிகள் சற்று மேலெழுந்த ரொக்கர் வகையில் விளிம்பு பனியில் சிக்குவது குறைவு. நடுப்பகுதி மேல்வளைந்த கேம்பர் வகை இறுகிய பனியை நன்றாகப் பிடிக்கும். வேகமாகச் செதுக்கித் திரும்பப் பழகியவர்களுக்கு அது உகந்தது. பாய்ந்து சுழல விரும்புவோருக்கு இரு முனையும் ஒரே வடிவான பலகை வசதி.

பணத்தை எந்த ஒழுங்கில் செலவழிப்பது? முதலில் தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும், அடுத்து பூட்ஸ், கடைசியில் பலகை. புதிதாகப் பழகுபவர் விழும்போது கையை ஊன்றுவார். மணிக்கட்டு முறிவு இந்த விளையாட்டில் அதிகம் காணப்படும் காயங்களில் ஒன்று. வளரும் பிள்ளைக்குப் பலகை வாங்காமல் பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுக்கலாம். அண்ணாவின் பலகைதான் என்றாலும் குறையில்லை. நிறை அட்டவணையையும் பூட்ஸ் நீட்டத்தையும் பார்த்து, விளிம்பில் வெடிப்போ துருவோ இல்லையென்றால் தம்பிக்குக் கொடுங்கள்.

அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்திருக்கும். அப்போது மறுபடியும் நிறுத்துப் பார்த்து, அந்த வருடத்து உடலுக்குப் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளலாம்.