பாட்டுக்கு ஒரு பெஞ்சு



இந்த மாதம் ஒயின்ஷாப்பைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். முகம் சுளித்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பாட்டைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் செந்துறைப் பக்கத்து நண்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சின்ன பார் இருக்கிறதாம். பழைய பெஞ்சு, அழுதுவடியும் விளக்கு, மூலையில் ஒருவர் கிதாரோடு பாடிக்கொண்டிருப்பார். கேட்பவர்கள் வெல்டர், நர்ஸ், பஸ் டிரைவர் என்று எல்லாம் அந்தத் தெருக்காரர்களே. “நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் பெரம்பலூரில் ஒரு பாருக்கு அழைத்துப்போனேன். நான் குடிக்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். வீட்டில் நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.

உள்ளே போயிராதவர்களுக்காகச் சொல்கிறேன். கடை அரசாங்கத்துடையது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒட்டியிருக்கும் பார், ஏலம் எடுத்தவருடையது. கம்பிக்குள் கைநீட்டிக் குவார்ட்டரை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்தால் டம்ளர், தண்ணீர், சுண்டல், ஆம்லெட். பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைப்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். 2022இல் நீலகிரியில் தொடங்கிய அந்த ஏற்பாடு அடுத்து எட்டிய மாவட்டங்களில் நம் பெரம்பலூரும் ஒன்று. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு, பாட்டுக்குத்தான் இடமில்லை. சினிமாவில் கதாநாயகன் பாருக்குள் கால் வைத்ததும் ஐம்பது பேர் எழுந்து ஆடுகிறார்கள். நாங்கள் பார்த்த பாரில் ஆளுக்கொரு செல்போன் வெளிச்சத்தில் குனிந்திருந்தார்கள்.

ஒரே ஒருவரைத் தவிர. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரியலூர் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, ஒரு பழைய படப் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். சரணத்தில் மேலே ஏறவேண்டிய இடம் வந்தபோது தன்னை மறந்து குரலை விட்டுவிட்டார். பக்கத்து மேசையில் ஒருவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். ஆம்லெட் கொண்டுவந்த பையன் தட்டோடு அப்படியே நின்றான். “அண்ணே, இன்னொண்ணு” என்று யாரோ கேட்டதும் மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது.

பேச்சுக் கொடுத்தோம். இளவயதில் ஆர்க்கெஸ்ட்ராவில் டி.எம்.எஸ். குரலுக்கு அவர்தானாம். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் வீட்டில் படுத்ததே இல்லை. வேனில் தபேலா, டிரிபிள் காங்கோ, ஆர்மோனியம், எல்லாவற்றுக்கும் மேலே அவர். பிறகு கீபோர்டு வந்தது, நாலு பேர் நின்றார்கள். ரிதம் பேட் வந்தது, இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். கடைசியில் பென் டிரைவ் வந்தது. “டிராக்கைப் போட்டுட்டுப் பாடச் சொல்றாங்க தம்பி. நான் இழுத்தா அது நிக்காது. எனக்காக நிக்காத தாளத்துக்கு நான் எதுக்குப் பாடணும்?” லாரி ஏறிவிட்டார்.

நண்பரின் கேள்விக்கு அந்தக் கொட்டகையிலேயே பதில் கிடைத்துவிட்டது. நம்மிடம் பாடகர் இல்லாமல் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா மேடையைத் தவிர அவருக்கு உட்கார இடம் இல்லை. அந்த மேடைக்கும் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும். ஒயின்ஷாப் அடைக்கும் நேரமும் அதுதான்!

கள்ளும் பாட்டும் முன்பு ஒரே பந்தியில் இருந்தவை. கள் குறைவாக இருந்த நாளில் பாடுகிறவர்களுக்கே கொடுத்துவிட்டு, நிறைய இருந்த நாளில் அவர்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்டவன் என்று அதியமானை எண்ணி ஔவை அழுவது புறநானூற்றில் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் பொருநனுக்குப் பொற்கிண்ணத்தில் திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள். நம் காலத்தில் மதுவும் பாட்டும் பெரிதாகச் சந்தித்துக்கொண்டது 2015 அக்டோபரில், அதுவும் காவல் நிலையத்தில். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனைத் திருச்சியில் கைது செய்து தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அவர் பாட்டை அந்த ஆண்டு முணுமுணுக்காத ஆளில்லை. குடிக்கிறவர்களும் முணுமுணுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம் வட்டாரத்தைப் போலவே பருத்தி வருகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்கள், வார இறுதியில் மரக் குடிசைகளில் கூடிக் குடித்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். மடி வாட்டர்ஸ் என்ற டிராக்டர் ஓட்டுநர் தன் குடிசையையே அப்படி ஓர் இடமாக நடத்தினார். 1941இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அங்கே தேடிப்போய் அவர் பாட்டைப் பதிவு செய்தார். இரண்டு ஆண்டு கழித்து மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறி, அங்கே தெருமுனை பார்களில் பாடத் தொடங்கினார். உலகமே கேட்ட புளூஸ் இசை அப்படித்தான் வளர்ந்தது. போர்ச்சுக்கலில் லிஸ்பன் நகரத்துச் சாராயக்கடைகளில் வளர்ந்த ஃபாடோ பாட்டை 2011இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெரிய அரங்கம் யாருக்கும் முதலில் கிடைத்துவிடவில்லை. வாராவாரம் அதே பெஞ்சு, அதே நாற்பது பேர், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் நாற்பது பேர். பாடகருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அதற்காக ஒயின்ஷாப்பில் மேடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சாவுவீட்டில் தப்படிக்கும் கலைஞருக்குக் கூலியோடு ஒரு குவார்ட்டரையும் கையில் திணித்து, அதை ஏதோ பெருந்தன்மை என்று நினைக்கிற ஊர்கள் நம்மிடம் உண்டு. அப்படி நாம் இழந்த கைகள் எத்தனை! ஊரில் பாதிப்பேர், அதாவது பெண்கள், அந்தக் கொட்டகைப் பக்கம் நடக்கவே தயங்குகிறார்கள். பாதி ஊர் வரமுடியாத இடத்தில் பாட்டு எப்படி வளரும்? எனக்கு வேண்டியது அந்த பெஞ்சு மட்டும்தான். பாட்டிலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே ஒரு ஏற்பாடு. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் நம் பத்திரிகை அலுவலக மொட்டைமாடி பாட்டுக்கு. டீயும் சுண்டலும் எங்கள் செலவு. மைக் கிடையாது, பத்து மணிப் பிரச்சினையும் இல்லை. குன்னம், வேப்பந்தட்டை, ஜெயங்கொண்டம், திருமானூர் என்று எங்கிருந்து வந்தாலும் சரி. ஆர்க்கெஸ்ட்ராவில் பாடியவர், பஜனைக்கு ஆர்மோனியம் பிடித்தவர், நடவுப்பாட்டு தெரிந்த அம்மாக்கள், தப்புக் கலைஞர்கள் என்று உங்கள் ஊரில் யார் இருந்தாலும் ஒரு கடிதம் போடுங்கள். போக்குவரத்துச் செலவோடு சம்பளமும் உண்டு. பெரிய தொகை இல்லை, ஆனால் உறையில் பணம் மட்டும்தான் இருக்கும்.

தபேலா வாசிக்கிறவர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. டிராக் போட்டால் வரமாட்டேன் என்று லாரிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்