தமிழ் மாணவர்க்கும் வேண்டும் நிரலறிவு

கணினி அறிவியல் மாணவர்க்கே உரியது, தமிழ் பயில்வோர்க்கு அதனால் ஆவதென்ன என்று வினவுவோர் இன்றும் உளர். தட்டச்சுச் செய்யத் தெரிந்தால் போதும் என்று அமைவோரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதே எமது துணிபு.

எமது பட்டறிவு ஒன்றை ஈண்டுக் கூறுவோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக யாம் எழுதிய ஆய்வேட்டை அக்கால எழுத்துரு ஒன்றில் தட்டச்சுச் செய்து குறுவட்டில் சேமித்திருந்தோம். பல்லாண்டு கழித்துத் திறந்தபோது திரையில் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலே நின்றது. கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோலே தொலைந்திருந்தது. அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பம்போல் தமிழ் எழுத்துகளுக்கு எண் வழங்கியதே காரணம். 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் அமைந்தது. எனினும் தமிழக அரசு அதனை முறையாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் உருவான இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பதிப்புகளும் ஆய்வேடுகளும் எத்தனை குறுவட்டுகளில் இவ்வாறு முடங்கிக் கிடக்கின்றனவோ!

எம் கோப்பை மீட்டவர் எம் மாணவர் ஒருவரே. பைத்தான் மொழியில் சில வரிகளில் நிரல் எழுதினார். முதல் முயற்சி பிழைத்தது. பழைய எழுத்துருவில் 'கொடை' என்பதன் முதலெழுத்து, கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் பதிந்திருந்தது. ஒருங்குறியோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது இலக்கணம் பயின்றார் அறிந்ததன்றோ? அவ்விதியை நிரலில் சேர்த்ததும் ஏடு உயிர் பெற்றது.

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. கணினியை எண்ணச் சொன்னால் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்னும். இப்பிழையோடு வெண்பாவுக்கு அசை பிரித்தால் என்னாகும்? திருத்த வேண்டியவர் யாப்பறிந்தவரே. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே அல்காரிதம் என்னும் சொல் பிறந்தது. அந்நூற்றாண்டினரான அல்கிந்தி, எழுத்துகள் வரும் எண்ணிக்கையைக் கொண்டு மறையெழுத்தைப் படிக்கும் முறையை நூலாக்கினார். மொழியும் கணக்கும் அவர்களிடத்தே பகைகொள்ளவில்லை.

ஆக்கும் அறிவோடு காக்கும் அறிவும் வேண்டும். 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. நிறுவாது காலந்தாழ்த்தியோரே பெரிதும் இடருற்றனர். ஆகவே புதுப்பித்தலை ஒத்திப்போடுதல் தகாது. எல்லாக் கணக்கிற்கும் ஒரே கடவுச்சொல் வைத்தல், நகலகக் கணினியில் மின்னஞ்சலை மூடாது எழுந்து வருதல், ஓடிபி எண்ணைக் கேட்டவர்க்குச் சொல்லுதல் ஆகியவற்றையும் ஒழித்தல் வேண்டும். பணம் பறிபோயின் நாணிப் பேசாதிராமல் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடுக.

ஆசிரியர் கைப்பேசியில் மாணவர் மதிப்பெண்ணும் மாணவியர் தொலைபேசி எண்ணும் உள்ளன. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். திரைப்பூட்டுக்கூட இன்றி அக்கருவியைக் கண்ட இடத்தில் வைத்தல் அமானிதத்தைப் பேணுவதாகுமா?

தமிழ்த்துறையில் வாரம் ஒரு மணி நேரம் நிரல் பயிற்றுதல் பெருஞ்செலவன்று. பைத்தானும் லிப்ரே ஆபீசும் விலையின்றிக் கிடைப்பவை. பட்டம் பெறும் ஒவ்வொரு மாணவரும் பழைய நூல் ஒன்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்துத் துறைக்கு அளித்துச் செல்லட்டும். பெரியோர்கள் தம் இல்லத்துப் பேழைகளில் உறங்கும் குறுவட்டுகளைத் தந்துதவட்டும். ஓலைச்சுவடியைச் செல்லரிக்க விட்டோம் என்று முன்னோரைக் குறைகூறும் நாம், நம் காலத்து ஏடுகளை நம் கண்முன்னே இழத்தல் முறையன்று. இன்றே தொடங்குவோமாக!