நெறி கட்டினால் பத்து போட்டதோடு விட்டுவிடலாமா?



கழுத்திலோ, அக்குளிலோ, தொடை இடுக்கிலோ ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், 'நெறி கட்டியிருக்குது' என்று சொல்லி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடுவது நம் வீட்டு வழக்கம். 'சூடுதான், எண்ணெய் தேச்சுக் குளிச்சா போயிரும்' என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் அது போயும் விடும். அதுதான் வம்பே! பல தடவை தானாகப் போவதைப் பார்த்துப் பழகி, போகாத ஒன்றையும் அதே கணக்கில் சேர்த்து மாசக்கணக்கில் விட்டு விடுகிறோம்.

நெறி என்பது வியாதி அல்ல. நம் உடம்பில் ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. உள்ளே வரும் கிருமியைத் தடுத்து நிறுத்துவது அவற்றின் வேலை. வேலை அதிகமானால் வீங்கும். பல் சொத்தை, தொண்டைப் புண் இருந்தால் தாடைக்குக் கீழே கட்டும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் கட்டும். பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் கட்டினால் முதலில் தலையைப் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண் இருக்கும். புண் ஆறினால் நெறியும் இரண்டு, மூன்று வாரத்தில் வடிந்துவிடும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

ஆனால், நாலு வாரமாகியும் கரையாத நெறி, நாளுக்கு நாள் பெருக்கும் நெறி, கல்லு மாதிரி கெட்டியாக, நகராமல் இருக்கும் நெறி, காறை எலும்புக்கு மேலே வரும் நெறி, இவற்றை 'சூடு' என்று தள்ளக் கூடாது. கூடவே சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது இருந்தால் நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. 'வலியே இல்லைங்க, அதனால ஒண்ணுமில்லை' என்று நினைப்பது பெரிய தப்பு. வலிக்காத நெறிதான் அதிகம் கவனிக்க வேண்டியது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். 22 வயசுப் பெண். கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு, மூன்று கட்டி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று தடவை மாத்திரை மாற்றிக் கொடுத்தார்களே தவிர, எதனால் வந்தது என்று பார்க்கவில்லை. கடைசியில் வேறொரு டாக்டர், ஊசி வைத்து எடுத்துப் பார்க்கணும் என்றார். அதற்குள் நிச்சயதார்த்தம் கூடி வந்துவிட்டது. 'ஊசி குத்தித் தழும்பு விழுந்துட்டா மாப்பிள்ளை வீட்டுக்கு என்னங்க பதில் சொல்றது? கல்யாணம் முடியட்டுங்க அக்கா, அப்புறம் பார்த்துக்கலாம்' என்றார் அந்தத் தாய். கல்யாணத்துக்கு முன்பே கட்டி உடைந்து சீழ் வடிந்தது. பிறகு கோயமுத்தூர் போய்ப் பரிசோதித்தால், காசநோய். ஆறு மாச மருந்தில் பூரணமாகக் குணமாகி விட்டாள். ஆனால், எந்தத் தழும்புக்குப் பயந்தார்களோ அது நிரந்தரமாகக் கழுத்தில் நிற்கிறது. மெல்லிய ஊசி குத்திய இடத்தில் தழும்பே விழுந்திருக்காது!

அந்தக் காலத்தில் 'கண்டமாலை' என்றது பெரும்பாலும் இதைத்தான். நுரையீரலுக்கு மட்டும்தான் காசம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் நாள்பட்ட கழுத்து நெறிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று காசநோய்க் கிருமி. நெறியில் மட்டும் இருக்கும் காசம் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். பிறகு எதற்குத் தட்டைத் தனியாக வைப்பதும், பெண்ணை மூலையில் உட்கார வைப்பதும்?

'பெருந்துறை சானடோரியம்' என்ற பேரைக் கேட்டாலே நடுங்கிய தலைமுறை நம் பாட்டிமார். ஆனால் அந்தப் பயத்தைப் போக்கிய ஆராய்ச்சி நம் சென்னையில்தான் நடந்தது. 1956ல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த காசநோய் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமாகிறது என்று 1959ல் உலகத்துக்கே காட்டியது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்றும் காட்டியது. குழந்தைகளின் நெறிக்காசத்துக்கு ஆறு மாச மருந்து போதும் என்று 1990ல் சொன்னதும் அதே நிறுவனம்தான். இவ்வளவுக்குப் பிறகும் நாம் மறைத்து மறைத்து வைப்பது நியாயமா?

காசம் என்று கண்டுபிடித்தால் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். 2018ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய சத்துணவு உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். மருந்து சாப்பிடும்போதே நெறி கொஞ்சம் பெருக்கலாம். பயந்து நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் எல்லா நெறியும் காசமல்ல. நிணநீர் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சீக்கிரம் பார்த்தால் அதிலும் பலவகை குணமாகிறது. அக்குளில் கட்டியிருந்தால் மார்பையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். கூச்சப்பட்டால் உயிருக்கே ஆபத்து. பாக்கு மூட்டை இறங்காத நாளில்லை நம்ம மேட்டுப்பாளையத்தில். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுகிறவர்களுக்குக் கழுத்தில் கெட்டியாக நெறி வந்தால், வாய்க்குள் ஆறாத புண் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

'ஊசி குத்தினா பரவிரும்' என்று ஒரு பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. மெல்லிய ஊசியால் துளி எடுத்துப் பார்ப்பதால் வியாதி பரவிவிடாது. சில நிமிஷ வேலை, படுக்கவும் வேண்டாம். எடுப்பதில் ஒரு பங்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும், ஒரு பங்கைக் காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பவும் டாக்டரிடம் கேளுங்கள். அதில் தெளிவாகத் தெரியாவிட்டால் நெறியையே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்போதும் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை உப்பு நீரில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன்னால் கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடவே வேண்டாம். வீக்கத்தை அமுக்கி, உள்ளே இருப்பதை மறைத்துவிடும்.

பஸ்ஸோ, ரயிலோ, கோயமுத்தூர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்கும் தெரியும். மாசக்கணக்கில் காரணம் தெரியாமல் மாத்திரை வாங்கினால் அதைவிடக் கூடப் போகும். ஆகவே, ஒரு தடவை மாத்திரை சாப்பிட்டும் கரையாவிட்டால், 'இன்னொரு மாத்திரை குடுங்க' என்று கேட்காதீர்கள். 'இது எதனால வந்திருக்குதுங்க டாக்டர்? ஊசி வெச்சுப் பார்க்கலாமுங்களா?' என்று கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டுத் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்து சாப்பிட்டுக் குணமான பெண்ணை ஒதுக்காதீர்கள். நீங்கள் ஒதுக்குவீர்கள் என்ற பயத்தில்தான் நெறிகள் மறைக்கப்படுகின்றன. நாளை உங்கள் மகளும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவள்தானே!

— ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்.