மாமியின் டிக்கெட்

எங்கள் மாடி வீட்டு மாமி வருஷத்துக்கு ஒரு தடவை ரயில் ஏறுகிறவள். அந்த ஒரு தடவைக்கு ஒரு மாதம் ஏற்பாடு நடக்கும். இந்த முறை திருநெல்வேலியில் இருக்கும் பெண்ணுக்குச் சீமந்தம். கேட்கவேண்டுமா? மாடியிலிருந்து முறுக்கு வாசனையும் மாமியின் குரலும் மாறி மாறி இறங்கி வந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் சாயங்காலம் மாமி டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"ஏண்டி பெண்ணே, நீ பத்திரிகைக்காரி, உனக்குத் தெரியாமல் இருக்காது. எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு டிக்கெட் வாங்கியாச்சு. நடுவிலே மதுரையில் இறங்கி அக்காவைப் பார்த்துட்டு, ரெண்டு நாள் இருந்துட்டு, இதே டிக்கெட்டை வெச்சுண்டு மறுபடி ஏறிடலாம், இல்லையா? முழுப் பணமும் கொடுத்திருக்கோமே!"

மாமியின் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது. "இப்ப விட்டால் அப்புறம் எப்போ பார்க்கிறது, சொல்லு?" என்றாள் மாமி. அதற்குப் பிறகு "தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மாமியையும் டிக்கெட்டையும் அழைத்துக்கொண்டு ரிசர்வேஷன் கவுண்டருக்குப் போனேன்.

மாமியின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. திருநெல்வேலி வரைக்கும் பணம் கொடுத்தவள் மதுரையில் இறங்கினால் ரயில்வேக்கு என்ன நஷ்டம்? ஆனால் ரயில் டிக்கெட் என்பது இத்தனை தூரத்துக்கு இத்தனை பணம் என்ற கணக்கோடு முடிகிற சமாசாரம் அல்ல. இன்ன தேதியில், இன்ன வகுப்பில், இன்ன வழியாகப் போகலாம் என்ற அனுமதி அது. இடம் பதிவு செய்த டிக்கெட்டானால் இன்ன வண்டி என்பதும் சேர்ந்துவிடுகிறது. நடுவழியில் இறங்கித் தங்கிவிட்டு மறுபடி பயணத்தைத் தொடரவும் விதி உண்டு. அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன.

கவுண்டரில் இருந்தவர் பொறுமைசாலி. பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துக்கொண்டே, மாமிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். டிக்கெட்டின் மொத்தத் தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் வழியில் இறங்கித் தங்கலாம். 1000 கிலோமீட்டர் வரையிலான டிக்கெட்டுக்கு ஒரு தடவை. அதற்கு மேல் போனால் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தங்கலாம். வந்து இறங்கிய நாளும் புறப்படும் நாளும் இந்த இரண்டில் சேராது. திங்கட்கிழமை இறங்கினால் செவ்வாயும் புதனும் இருந்துவிட்டு வியாழக்கிழமை ஏறலாம்.

மாமியின் முகம் மலர்ந்தது. திருநெல்வேலி சென்னையிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் ஆயிற்றே!

"இன்னும் ஒன்று இருக்கிறது, அம்மா. புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்த பிறகுதான் முதல் தடவை இறங்கித் தங்கலாம்" என்றார் அவர்.

எழும்பூரிலிருந்து மதுரை எவ்வளவு தெரியுமா? 490 கிலோமீட்டர் சொச்சம். 500-க்குச் சில கிலோமீட்டர்தான் குறைவு!

"அவ்வளவுதானே? கொஞ்சம் தள்ளி இறங்கிக்கறேனே!" என்றாள் மாமி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் மாமி சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. விருதுநகர் 500 கிலோமீட்டரைத் தாண்டித்தான் இருக்கிறது. அங்கே இறங்கி, ஸ்டேஷனில் டிக்கெட்டில் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி மதுரைக்குத் திரும்பி வரலாம். விதிக்கும் பங்கமில்லை. ஆனால் எழுபது வயதில், முறுக்கு டின்னோடு, விடியற்காலையில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மாமியை நிறுத்த என்னால் முடியவில்லை. அது மட்டுமல்ல, இப்படி இறங்கித் தங்குகிறவர்களுக்கு டிக்கெட்தான் உயிரோடு இருக்குமே தவிர, படுக்கை இருக்காது. நாம் இறங்கிய வண்டி நம் படுக்கையோடு போய்விடுகிறது. மறுபடி ஏறும் வண்டியில் இடம் வேண்டுமென்றால் அதற்கும் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

ஆகவே மாமிக்கு இரண்டு டிக்கெட் என்று தீர்மானமாயிற்று. இருந்த டிக்கெட்டை ரத்து செய்து, கழித்ததுபோக மீதியை வாங்கிக்கொண்டு, மதுரை வரைக்கும் ஒரு படுக்கை. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பகல் வண்டியில் சாதாரணப் பெட்டி. ஒரே நீளமான டிக்கெட், துண்டு துண்டாக வாங்குவதைவிட மலிவு என்பது உண்மைதான். தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு ஆகிற கட்டணம் குறைகிறது. ஆனாலும் இவ்வளவு சிறிய தூரத்துக்கு அந்த லாபத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டில்லிக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு.

"வழி" என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பாதை விழுப்புரத்தில் பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் என்று நேரே போவது கார்டு லைன். 1920களின் கடைசியில் போட்டது. சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிப் போவது பழைய மெயின் லைன். இரண்டுக்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். அரியலூர் வழியாக என்று வாங்கிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு, "திருச்சிதானே, எப்படிப் போனால் என்ன?" என்று கும்பகோணம் வண்டியில் ஏறிவிட்டால், பரிசோதகர் வித்தியாசத்தைக் கேட்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த வழி என்பது டிக்கெட்டிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். வழியை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் வண்டி ஏறுவதற்கு முன்பே கவுண்டரில் கேட்டு, வித்தியாசத்தைக் கட்டிவிடுவது மரியாதை. ரயில்வேயே வண்டியை வேறு பாதையில் திருப்பிவிட்டு, அதனால் நீங்கள் பயணம் செய்ய விரும்பாவிட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகாமல் இருந்துவிட்டாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமிக்கு இன்னொரு யோசனை பிறந்தது. "எழும்பூர் வரைக்கும் எதுக்குப் போகணும்? தாம்பரத்திலேயே ஏறிக்கறேனே. வண்டி அங்கேதானே வரது?"

வண்டி வரும். ஆனால் டிக்கெட்டில் எழும்பூர் என்று இருக்கிறதே! எழும்பூரில் மாமி ஏறவில்லை என்று பரிசோதகர் குறித்துக்கொண்டால், காத்திருக்கும் வேறொருவருக்குப் படுக்கையைக் கொடுத்துவிடலாம். ஏறும் ஸ்டேஷனைத் தாம்பரம் என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பயணிகளின் பட்டியல் தயாராவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. கட்டணம் ஒன்றும் குறையாது. அப்படி மாற்றிய பிறகு, "மாப்பிள்ளை கார் அனுப்பிவிட்டார், எழும்பூருக்கே போய்விடலாம்" என்று மனம் மாறக் கூடாது. மாற்றியவருக்குப் பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடுகிறது. மாமியின் பிள்ளை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தான்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆனாலும் ஒன்றைக் கோட்டை விட்டேன்.

மதுரையில் சனிக்கிழமை காலை இறங்கிய மாமி, "கவுண்டரில் கூட்டமே இல்லை, இப்பவே வாங்கிடுவோம்" என்று, திங்கட்கிழமைப் பயணத்துக்காகத் திருநெல்வேலி டிக்கெட்டை அப்போதே வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். மாமியின் முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மதுரை-திருநெல்வேலி 157 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட, இடம் பதிவு செய்யாத டிக்கெட்டுக்கு 2016 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. வாங்கின மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் புறப்படும் அடுத்த வண்டிக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்தோடு மாமியின் டிக்கெட் காலாவதியாகிவிட்டது! 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் போகிறவர்கள்தான் மூன்று நாள் முன்னதாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நல்ல வேளை, திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குக் கூட வந்த அக்காள் பிள்ளை டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். புது டிக்கெட் வாங்க ஓடினான். அதிலும் அவன் கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி: "சித்தி, எந்த வண்டி?" பாசஞ்சருக்கு வாங்கிய டிக்கெட் எக்ஸ்பிரஸுக்குச் செல்லாது, எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு சூப்பர்ஃபாஸ்டில் ஏறினால் அதற்கான கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டும். வண்டி எண் 12 என்றோ 22 என்றோ ஆரம்பித்தால் பெரும்பாலும் சூப்பர்ஃபாஸ்ட் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அவன் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தான்; அதற்கும் இரண்டு மணி நேரம்தான் ஆயுள். சித்தியும் பிள்ளையும் பேச ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் எம்மாத்திரம்!

முன்னதாகச் சொல்லாமல் விட்ட தப்பு என்னுடையது. மாமி அதைப் பெரிதுபடுத்தவில்லை. திருநெல்வேலி போய்ச் சேர்ந்ததும் போனில் கூப்பிட்டாள். "டிக்கெட்டுக் காசு போனால் போறது. அக்கா என் கையைப் பிடிச்சுண்டு விடவே இல்லைடி. பழைய கதையெல்லாம் பேசிப் பேசித் தீர்த்தோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி தலைகாணியிலே சாய்ஞ்சுண்டு ரெண்டு இட்லி சாப்பிட்டாள்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நானும் பேசவில்லை.

திரும்பி வருவதற்கு மாப்பிள்ளை செல்போனிலேயே டிக்கெட் போட்டிருந்தார். காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது இடம். "ஏறிட்டால் யாராவது இடம் கொடுக்க மாட்டாளா?" என்று மாமி கேட்டாள். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். இணையத்தில் வாங்கிய டிக்கெட், பட்டியல் தயாரான பிறகும் காத்திருப்பிலேயே நின்றுவிட்டால் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் அர்த்தம். கவுண்டரில் வாங்கிய காத்திருப்பு டிக்கெட்டானால் சாதாரணப் பெட்டியில் போகலாம். படுக்கைப் பெட்டியிலும் ஏ.ஸி. பெட்டியிலும் ஏறக் கூடாது என்று 2025 மே முதல் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். ஆர்.ஏ.ஸி. என்று வந்தால் கவலை இல்லை, உட்கார இடம் நிச்சயம். மாமிக்கு முதல் நாள் மாலை படுக்கையே கிடைத்துவிட்டது. ஆதார் அட்டையின் அசலை மறக்காமல் எடுத்துக்கொண்டு வரும்படி மட்டும் சொன்னேன்.

போன வாரம் மாமி மறுபடி இறங்கி வந்தாள். கையில் ஒரு டம்ளர் பாயசம், பேத்தி பிறந்திருக்கிறாள். உட்கார்ந்தவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"டில்லிக்குப் பெரிய பிள்ளை கூப்பிட்டுண்டே இருக்கான். அது 2000 கிலோமீட்டருக்கு மேலேயாமே? அப்படின்னா ரெண்டு தடவை இறங்கலாம், இல்லையா?"

"இறங்கலாம், மாமி. ஆனால் முதலில்..."

"தெரியுமே, 500 தாண்டணும். விஜயவாடா ஆகாது, கணக்குப் பார்த்துட்டேன். நாக்பூர் ஆகும்."

"நாக்பூரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"ஓர்ப்படி இருக்காளே! பதினோரு வருஷமாச்சு, அவளோட பேசி" என்றாள் மாமி.