நடுக்குவாதமும் புத்தியும்

பார்க்கின்சன் வியாதி என்னும் நடுக்குவாதத்தைப் பற்றி நம் ஜனங்கள் அறிந்திருப்பதெல்லாம் கை நடுங்கும், நடை தளரும் என்பது மாத்திரமேயாகும். அது மனிதனின் யோசிக்கும் சக்தியையும் தொடக்கூடும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. இந்த அறியாமையால் வீடுகளில் நடக்கும் கொடுமையைப் பற்றியே இன்று எழுதுகின்றோம்.

நோயாளியை ஒரு கேள்வி கேட்கின்றார்கள். அவர் பதில் சொல்லச் சற்று நேரமாகின்றது. உடனே "வீம்பு" என்கின்றார் ஒருவர்; "புத்தி போய்விட்டது" என்கின்றார் மற்றொருவர்; "தலைவிதி" என்கின்றார் மூன்றாமவர். மூன்றும் ஆராயாமல் சொன்ன தீர்ப்பு என்பதே நமது அபிப்பிராயம்.

இந்தத் தவறு பாமரரோடு நிற்கவில்லை. லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறே பேரைக் கொண்டு இவ்வியாதியை விவரித்தார். அவர்களில் சிலர் தெருவில் கண்டவர்கள். அறிவுக்குக் கெடுதியில்லை என்று அவர் எழுதிவிட்டார். அவர் சாமானியரல்ல; அரசாங்கத்தைக் கண்டித்துப் பிரசுரங்கள் எழுதி, 1794-ல் பிரிவி கௌன்சில் முன் விசாரிக்கப்பட்டவர். ஆனால் பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு சங்கதி உண்மையாகிவிடுமா? வியாதிக்கு அவர் பெயரையே சூட்டிய பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ, நாளடைவில் மனமும் தளர்வதுண்டு என்று கண்டு சொன்னார்.

காரணம் என்ன? நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதியிலுள்ள உயிரணுக்கள் அழிகின்றன. அவை உண்டாக்கும் டோப்பமைன் என்னும் ரசாயனம் கைகாலை அசைப்பதற்கு மாத்திரமல்ல, திட்டம் போடவும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனதைத் திருப்பவும் வேண்டியிருக்கின்றது. ஆகவேதான் நோயாளி நடந்துகொண்டே பேசினால் தடுமாறுகின்றார். பெயர் ஞாபகம் வராது. முதலெழுத்தைச் சொன்னால் பலருக்கு வந்துவிடும். அதாவது சரக்கு கடையில்தான் இருக்கின்றது. எடுத்துக் கொடுக்கும் ஆள்தான் மெதுவாய் நடக்கின்றான்.

பலருக்கு வெகுகாலம் இவ்வளவோடு நிற்பதுமுண்டு. ஆனால் முற்றினால் டிமென்ஷியா என்னும் அறிவுத்தேய்வு வரலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர வைத்தியர்கள் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வியாதியோடு 20 வருஷம் உயிர் வாழ்ந்தவர்களில் 100-க்கு 83 பேருக்கு அது வந்திருந்தது. இதை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

நிற்க, நோயாளி சில சமயம் இல்லாத குழந்தையையோ நாயையோ கண்டதாகச் சொல்லுவார். உடனே பேய் பிடித்ததென்று பூசாரியைத் தேடுகின்றார்கள். இத்தோற்றம் வியாதியாலும் வரும். தின்னும் மாத்திரையாலும் வரும். நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் என்னும் மருந்து வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்பக்கூடியது. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரென்று உளறினால், மூத்திரத்தில் கிருமி சேர்ந்தோ, உடம்பில் நீர் வற்றியோ இருக்கலாம். இவையெல்லாம் வைத்தியர் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை. பூசாரி வீட்டில் கழியும் நாட்கள் நோயாளிக்கு நஷ்டம். ஆனால் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. அறிவுத்தேய்வுக்கு ரிவாஸ்டிக்மின் என்னும் மருந்து உண்டு. அது வியாதியைத் தீர்க்காது, சிலருக்கு ஓரளவு உதவும்.

ஆகவே தோழர்களே! ஒரு சமயத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். பதில் வருமட்டும் பொறுத்திருங்கள். அன்றாட வேலைகளை எழுதிக் கண்ணில் படும்படி வையுங்கள். வீடு, நிலம், பணம் பற்றிய காரியங்களை, அவர் தெளிவாயிருக்கும்போதே அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் முன்னிலையிலேயே, அவர் இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

நடுங்கும் கையைப் பிடித்து நடத்திச் செல்லத் தெரிந்த நமக்கு, மெதுவாய் வரும் பதிலுக்குக் காத்திருக்க மாத்திரம் ஏன் தெரியவில்லை என்று கேட்கின்றோம்.