வீட்டுக்கு மிக அருகில்



ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்தால் ஒரு விளம்பரமாவது கண்ணில் படும். 'சென்னைக்கு மிக அருகில் வீட்டுமனைகள்!' எங்கே என்று பார்த்தால், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் போக வேண்டிய ஊராக இருக்கும். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

இனி அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியாது. 2022 அக்டோபரில் வந்த அரசாணைப்படி, 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் பக்கம்... எல்லாமே இப்போது அந்தக் கோட்டுக்குள்.

மாநகராட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்னை மாநகராட்சி அதே 426 சதுர கிலோமீட்டர்தான். காஞ்சிபுரத்துக்காரர் வீட்டு வரியைக் காஞ்சிபுரத்திலேயே கட்டுவார். ஆனால் எந்த நிலத்தில் வீடு வரலாம், எங்கே ஃபேக்டரி வரலாம், எந்த வயல் வயலாகவே இருக்க வேண்டும் என்று திட்டமிடும் பொறுப்பு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு, அதாவது நாம் சி.எம்.டி.ஏ. என்று சொல்கிறோமே, அதற்குப் போகிறது.

"சரி, அதனால் நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா?

2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான், 2026-ஐ மனதில் வைத்துப் போட்டது. மூன்றாவது பிளான் 2046 வரைக்குமானது. இன்றைக்கு எல்.கே.ஜி. போகிற உங்கள் பேத்தி அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். அந்த வேலைக்கு அவள் பத்து நிமிஷத்தில் போவாளா, இரண்டு மணி நேரம் போவாளா என்பதை இப்போது போடுகிற கோடுகள்தான் தீர்மானிக்கும். இது அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் மட்டும்தானா?

காலை நேரத்து செங்கல்பட்டு–பீச் எலெக்ட்ரிக் ட்ரெயினில் மகளிர் பெட்டியில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கூடுவாஞ்சேரியில் வீடு, நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ் என்று இருக்கிற பெண்கள், உட்கார இடம் கிடைத்தால் மடியில் பையை விரித்துக் கீரை ஆய்கிறார்கள், பூண்டு உரிக்கிறார்கள். பாதிச் சமையல் ரயிலில்தான் நடக்கிறது. வாடகை கட்டுப்படியாகாமல் தூரம் போன குடும்பங்கள், மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாகத் தினமும் மூன்று மணி நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பெருநகரம் விரிவதை நான் எதிர்க்கவில்லை. கோடு போட்டாலும் போடாவிட்டாலும் ஊர் விரிந்துகொண்டேதான் போகும். லேஅவுட் போட்டு விற்ற பிறகு ரோடு தேடுவதும், குடியேறிய பிறகு லாரித் தண்ணீருக்கு போன் போடுவதும் நாம் பார்த்துச் சலித்த கதை. முன்கூட்டியே ஒரே திட்டத்தின் கீழ் கொண்டுவருவது நல்லதுதான்.

என் கவலை வேறு. சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இரவு தூங்கிவிட்டுப் போகிற இடமாக மாற்றப் போகிறோமா? இல்லை, ஒவ்வொன்றையும் தன் காலில் நிற்கிற ஊராக வளர்க்கப் போகிறோமா?

மறைமலை நகரைப் பாருங்கள். சென்னையின் நெருக்கடியைக் குறைக்கத் துணை நகரமாகத் திட்டமிட்டு உருவாக்கிய ஊர். மனைகள் ரெடி, தெருக்கள் ரெடி, ஆனால் ஆள் வரவில்லை. 1990-களில் கார் தொழிற்சாலை வந்த பிறகுதான் ஊருக்குக் களை வந்தது. வீட்டை மட்டும் கட்டி வைத்தால் யாரும் வர மாட்டார்கள். வேலை, பள்ளிக்கூடம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி, இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் அது ஊர். இப்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருமழிசை, மீஞ்சூர், மாமல்லபுரம் ஆகிய ஆறு ஊர்களுக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் போடுகிறார்கள். மறைமலை நகர் பாடம் அவர்கள் மேஜையில் இருக்க வேண்டும்.

எது முதலில், எது பிறகு என்பதும் முக்கியம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. விசாலமான நிலையம், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும், திறப்பு விழா அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்குத் திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து அரிசி மூட்டையும் தூக்கக் கலக்கத்தில் அழுகிற குழந்தையுமாக இறங்குகிற குடும்பம், அங்கிருந்து வில்லிவாக்கம் போக வேண்டும். ஆட்டோக்காரர் கேட்கிற தொகையைக் கேட்டால், ஊரிலிருந்து வந்த டிக்கெட்டே மலிவாகத் தெரியும். ரயிலும் பஸ்ஸும் ஒன்றாக வந்திருந்தால் இந்தச் சங்கடம் உண்டா? பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தருகிற 'சென்னை ஒன்' ஆப், 2025 செப்டம்பரில் வந்தது. நல்ல ஆரம்பம்தான். டிக்கெட் ஒன்றானது போலத் திட்டமும் ஒன்றாக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மொட்டை மாடிக்கு ஏறி நின்றோம். 2019 ஜூலை வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது. நாலே வருடத்தில் இரண்டையும் பார்த்தவர்கள் நாம்! புதிதாகச் சேர்ந்த பகுதிகள் ஏரிகள் நிறைந்தவை. ஒரு ஏரி நிறைந்து கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்த சங்கிலி அது. நடுவில் ஒரு வரத்துக் கால்வாயை மண் கொட்டி மூடி மனை போட்டால் போதும், மேலே இருப்பவருக்கு வெள்ளம், கீழே இருப்பவருக்கு வறட்சி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் எனப்படும் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது பெருமைதான். ஆனால் அது கிடைப்பதற்கு முன்பே சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டோமே!

நிலத்தோடு சேர்த்து மக்களையும் நினைக்க வேண்டும். பரந்தூரில் திட்டமிட்ட புதிய விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். விமான நிலையம் தேவையா, தேவையில்லையா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் ஒரு கிராமம் தன் வயலையும் ஏரியையும் வெறும் சதுர அடிக் கணக்காகப் பார்க்க மறுப்பதில் உள்ள நியாயம் நமக்குப் புரியாதா?

பெரிய ஊரோடு சேர்ந்தால் சொந்த அடையாளம் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஒரு காலத்தில் தனித்தனி ஊர்கள்தான். சென்னைக்குள் வந்து எத்தனை தலைமுறை ஆகிவிட்டது! இன்றைக்கும் பங்குனித் தேர் என்றால் மயிலாப்பூர் மயிலாப்பூர்தான். கோயிலும் குளமும் கடைத்தெருவும் பிழைத்ததால் ஊரும் பிழைத்தது. காஞ்சிபுரத்துத் தறி, மாமல்லபுரத்து உளி, பழவேற்காட்டு வலை மூன்றுக்கும் புதிய திட்டத்தில் இடம் இருந்தால் அந்த ஊர்களும் பிழைக்கும்.

நாம் என்ன செய்யலாம்? இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, மனை வாங்கும் முன் பட்டா, வில்லங்கம் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய பெருநகர எல்லைக்குள் என்றால், கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்து, அந்த நிலம் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, கடலோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி என்றெல்லாம் தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு, மாஸ்டர் பிளான் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். உங்கள் தெரு வழியாக மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? குடியிருப்போர் சங்கத்திலும் மகளிர் குழுவிலும் பேசி, ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மேம்பாலம் கேட்பதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் ஏரியைக் கேளுங்கள், ஆஸ்பத்திரியைக் கேளுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடுகிற மினி பஸ்ஸைக் கேளுங்கள்.

சென்னைக்கு எவ்வளவு அருகில் என்று விளம்பரக்காரர் அளக்கட்டும். வீட்டுக்கு எவ்வளவு அருகில் என்று நாம் அளப்போம். உங்கள் ஊரில் நடந்து போகிற தூரத்தில் முதலில் வர வேண்டியது எது? காரணத்தோடு எனக்கு எழுதுங்கள். வருகிற இதழ்களில் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்